ஸ்லீப்பிலிருந்து எழாத டெஸ்க்டாப்: கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில், ஒண்டிக்கடையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தின் டெஸ்க்டாப் கணினி, மாலையில் ஸ்லீப்பில் போடப்பட்டால் மார்கழி மாதக் காலைகளில் மட்டும் எழ மறுத்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். அதைக் கழற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கிச் சேலத்தில் என் மேசையில் வைத்தால் முதல் அழுத்தலிலேயே எழுந்துகொள்ளும். இப்படி இரண்டு முறை அது மலை இறங்கி ஏறியது. எனக்கு முன் பார்த்தவர் இரண்டு தடவை விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்திருந்தார். விண்டோஸில் ஒரு குறையும் இல்லை. சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி வயதானது; மின்சாரத்தைத் தேக்கித் தரும் அதன் கெப்பாசிட்டர்கள் குளிரில் வேலை செய்யவில்லை. சேலத்து வெப்பத்தில் வேலை செய்தன. கோளாறு மலையிலேயே தங்கிவிட்டு, கணினி மட்டும் கடைக்கு வந்துகொண்டிருந்தது.

ஸ்லீப்புக்குப் பின் பூட் ஆகாத கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸை மாற்ற வேண்டிய தேவையே இருப்பதில்லை என்பது என் அனுபவம். எழும் முயற்சி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை முதலில் கண்டுகொண்டால், பார்க்க வேண்டிய இடம் தானாகவே சுருங்கிவிடும். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டி செல்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டார்ச் இருந்தால் இதில் சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம்.

தூக்கமும் விழிப்பும் எப்படி நடக்கின்றன

டெஸ்க்டாப்பில் ஸ்லீப் என்று நாம் சொல்வது பெரும்பாலும் எஸ்3 என்னும் நிலை. அதில் பிராசசர், விசிறிகள், ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஆகிய அனைத்துக்கும் மின்சாரம் நிறுத்தப்படும். ரேம் மட்டும், தன்னுள் இருக்கும் தரவை மறந்துவிடாதபடி, சிறிதளவு மின்சாரம் பெற்றுக்கொண்டிருக்கும். அந்த மின்சாரத்தைத் தருவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்னும் தனிச் சுற்று. கணினியை முழுவதும் ஷட் டவுன் செய்தாலும் சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை இந்தச் சுற்று வேலை செய்துகொண்டே இருக்கும். கணினியின் மற்ற பகுதிகள் நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தால் இது இருபத்து நான்கு மணி நேரமும் உழைக்கிறது. பல எஸ்எம்பிஎஸ்களில் இந்தச் சுற்று முதலில் மூப்படைவதற்கு இதுவே காரணம்.

விழிப்பு இன்னும் நுட்பமானது. பொத்தானையோ கீபோர்டையோ தொட்டவுடன் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பச்சைக் கம்பியைத் தரையோடு இணைக்கிறது. உடனே எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்களை எழுப்பி, அவை நிலைபெற்ற பின் 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் சாம்பல் நிறக் கம்பி வழியாக எல்லாம் சரி என்று செய்தி அனுப்புகிறது. அதன் பிறகே பிராசசர் ஓடத் தொடங்கும். இது புதிய பூட் அல்ல, விழிப்பு என்று மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அறிந்துகொண்டு, ரேமை அழிக்காமல், முன்பு சேமித்து வைத்த அமைப்புகளைக் கொண்டே அதை மீண்டும் இயக்கி, விண்டோஸ் விட்ட இடத்தில் அதனிடம் ஒப்படைக்கும். கடைசியாக விண்டோஸ், ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சிறு மென்பொருளான டிரைவர்களை ஒவ்வொன்றாக எழுப்பும்.

ஓரிரு வாட் மட்டும் எடுத்துக்கொண்டு தூங்கும் பெட்டி, விழிக்கும் அந்த ஒரு நொடியில் நூறு வாட்டுக்கு மேல் கேட்கக்கூடும். தூங்கும்போது வெளியே தெரியாத பலவீனம் அந்தப் பாய்ச்சலில்தான் வெளிப்படும்.

எந்தக் கட்டத்தில் நின்றது

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எழாத நேரத்தில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுங்கள். விசிறி சுற்றியதா, சுற்றி நின்றதா, தொடர்ந்து சுற்றியதா? கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா? திரையில் கம்பெனியின் லோகோ வருகிறதா? அண்மைக்காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதப்பட்ட நான்கு சிறு விளக்குகள் இருக்கும். அவற்றில் எது அணையாமல் நிற்கிறது?

பொத்தானுக்கு ஒரு அசைவும் இல்லை, அல்லது விசிறி துடித்து நின்றுவிடுகிறது என்றால் மின்சாரப் பகுதியைப் பார்க்க வேண்டும். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, கேப்ஸ் லாக் விளக்கும் மாறவில்லை என்றால் ரேம், பயாஸ், சில வேளைகளில் கிராபிக்ஸ் கார்டு. கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கணினி எழுந்துவிட்டது. மானிட்டரோ கிராபிக்ஸ் டிரைவரோதான் எழவில்லை. லோகோ வந்த பிறகு பூட் டிவைஸ் இல்லை என்ற செய்தி வந்தால் வட்டை, அதாவது ஹார்டு டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ, பாருங்கள். நீலத்திரையோ முடிவில்லாமல் சுழலும் வட்டமோ வந்தால்தான் விண்டோஸின் முறை.

இவற்றில் சேராத ஒன்றும் உண்டு. கணினி நன்றாகவே பூட் ஆகிறது, ஆனால் நேற்றுத் திறந்து வைத்திருந்த எதுவும் இல்லை. இது கோளாறே அல்ல. தூங்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய் ரேம் மறந்துவிட்டது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில், முந்தைய இரவு ஸ்லீப்பில் விடப்பட்டு யுபிஎஸ் இல்லாத கணினிகளுக்கெல்லாம் இதுவே நடக்கும். சேலத்தில் கணக்கு மென்பொருளைத் திறந்து வைத்தபடியே கணினியைத் தூங்க விடும் கடைக்காரர்கள் பலரை எனக்குத் தெரியும். பதிவை முடித்து மூடிவிட்டு ஸ்லீப்பில் போடுங்கள் என்பதைத் தவிர அவர்களிடம் சொல்ல வேறொன்றும் இல்லை.

மூடியைத் திறக்காமலே செய்யக்கூடியவை

திரை மட்டும் கறுப்பாக இருந்தால், மானிட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் சொருகுங்கள். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வழியாக இணைக்கப்பட்ட சில மானிட்டர்கள் ஆழ்ந்து தூங்கிவிட்டுக் கணினியின் அழைப்பைக் கவனிப்பதில்லை. கேபிளை எச்டிஎம்ஐக்கு மாற்றியதும் சரியாகிவிடும். அடுத்து விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் ஒலி கேட்டுத் திரை வந்துவிட்டால், கிராபிக்ஸ் டிரைவர்தான் எழவில்லை என்பது உறுதி.

கணினி முற்றிலும் அசையாமல் இருந்தால், பிரிண்டர், வெப் கேமரா, பென் டிரைவ், யுஎஸ்பி ஹப், வெளிப்புற ஹார்டு டிஸ்க் என எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கீபோர்டும் மவுஸும் மானிட்டரும் மட்டும் இருக்க முயன்று பாருங்கள். ஷார்ட் ஆன ஒரு மலிவான யுஎஸ்பி ஹப், ஸ்டாண்ட்பை மின்சாரத்தையே இழுத்துக் கீழே தள்ளிவிடக்கூடும்.

பிறகு சுவர் ஸ்விட்சை அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் மின்கம்பியைப் பிடுங்கி, கேபினட்டின் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் சொருகி அழுத்துங்கள். இப்போது எழுந்துவிட்டால் நிம்மதி அடைந்து இதோடு விட்டுவிட வேண்டாம். எழுந்தது ஒரு புதிய பூட் மட்டுமே. விழிப்பில் எங்கோ சிக்குகிறது என்ற செய்தி அப்படியே நிற்கிறது.

மின்சாரம்: சுவரிலிருந்து மதர்போர்டு வரை

இந்தப் பகுதியில் நேரம் செலவழிப்பது வீணாகாது. சேலத்திலும் ஏற்காட்டிலும் நான் கண்ட எழாத கணினிகளில் அதிகமானவை இங்கேதான் முடிந்தன.

முதலில் சுவர். எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஒதுக்கிவிட்டு, கணினியை நேரடியாகச் சுவர்ச் சாக்கெட்டில் சொருகிப் பாருங்கள். தளர்ந்த சாக்கெட் ஓரிரு வாட் எடுக்கும் தூக்கத்தைத் தாங்கும். விழிப்பின் பாய்ச்சலைத் தாங்காமல் பொறி விடும். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை போன்ற தறிப் பகுதிகளில் பல மோட்டார்கள் ஒரே நேரத்தில் புறப்படும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் டிசைன் போடும் கணினி, தறிகள் ஓடும்போது எழாமல் மதிய உணவு வேளையில் எழுகிறது என்றால் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அடுத்தது யுபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும். நல்ல எஸ்எம்பிஎஸ், மின்சாரம் நின்ற பிறகு முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லி செகண்ட் வரை தாக்குப்பிடிக்கும். தூங்கும் கணினி மிகக் குறைவாக எடுப்பதால் அதைவிட நீண்ட நேரம் தாங்கும். ஆகவே தூக்கத்தின்போது வந்துபோகும் சிறு மின்னல்வெட்டுத் தடைகள் அதைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. பாதிப்பவை இரண்டு: யுபிஎஸ் பேட்டரி தீரும் அளவுக்கு நீளும் மின்தடை, மூப்படைந்த பேட்டரி கொண்ட யுபிஎஸ்ஸில் ஓடும்போது எழுப்பப்படுவது. வீட்டு யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி சில ஆண்டுகளிலேயே வலுவிழந்துவிடும். பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக அது நலமாக இருக்கிறது என்று நம்ப வேண்டாம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது, வேலைகளைச் சேமித்துவிட்டு, சுவர் ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடம் தாங்குகிறதா என்று பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைத்திருந்தால், அதன் பின்புறத்தில் இருக்கும் யுபிஎஸ் பயன்முறை ஸ்விட்ச் போடப்பட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். சாதாரணப் பயன்முறையில் மின்மாற்றம் மெதுவாக நடக்கும். விசிறிக்கும் விளக்குக்கும் அது போதும், கணினிக்குப் போதாது.

இனி எஸ்எம்பிஎஸ். அதன் உலோகப் பெட்டியை ஒருபோதும் திறக்க வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே 325 வோல்ட்டுக்குக் குறையாத நேர்மின்சாரமாகி கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில காலம் அது அங்கேயே இருக்கும். வெளியிலிருந்து பார்க்கக்கூடியவையே போதும். டார்ச் அடித்துக் காற்றுத் துளைகள் வழியாகப் பாருங்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர், பழுப்புக் கறை, செத்த பல்லி ஆகிய மூன்றையும் நான் கண்டிருக்கிறேன். பல்லியைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஸ்டாண்ட்பையில் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் பெட்டியைக் குளிர் நாட்களில் அது தேடிப் போவதில் வியப்பில்லை.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி, மதர்போர்டில் சொருகியிருக்கும் 24 முனை இணைப்பியைக் கண்டுபிடியுங்கள். சுவர் ஸ்விட்ச் போட்டிருக்க, கணினி அணைந்திருக்க, மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பி நுழையும் இடத்திலும், சிவப்பு முனையை ஊதாக் கம்பி நுழையும் இடத்திலும் பின்புறமாக மெல்லச் செருகுங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்களில் நிறத்தை நம்ப முடியாது. அங்கே ஒன்பதாம் முனைதான் ஸ்டாண்ட்பை. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி கைநடுக்கமில்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. நம்பிக்கை இல்லாவிட்டால் தெரிந்தவர் ஒருவரைச் செய்யச் சொல்லலாம்.

இந்த அளவை அசையாத நிலையில் எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது பலர் செய்யும் தவறு. மீட்டரைப் பார்த்துக்கொண்டே, வேறொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அசையாதபோது 5.0 என்று காட்டிய ஊதாக் கம்பி, அழுத்தியவுடன் 4.5க்கும் கீழே சரிந்தால் ஸ்டாண்ட்பை சுற்று முடிந்துவிட்டது என்று பொருள். அந்தத் தோட்ட அலுவலகத்தில் காலை ஆறரை மணிக்கு நான் கண்டது இதுவே. மூப்படைந்த மின்பகு கெப்பாசிட்டரின் உள்திரவம் வற்ற வற்ற அதன் உள்தடை கூடும். குளிரில் அந்த உள்தடை மேலும் கூடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்தைவிடச் சாதாரணமாகவே ஏழெட்டு டிகிரி குளிராக இருக்கிறது. ஆகவே கீழே தேறும் பெட்டி மேலே தேறவில்லை. தலைமுடி உலர்த்தும் கருவியால் எஸ்எம்பிஎஸ்ஸின் துளைகளில் இரண்டு நிமிடம் வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தியபோது கணினி எழுந்துவிட்டது. அதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளக் கூடாது; நோயை உறுதிசெய்யும் சோதனையாக மட்டும் கொள்ள வேண்டும். தீர்வு புதிய எஸ்எம்பிஎஸ்தான். கேபினட்டோடு இலவசமாக வரும் பெயரில்லாப் பெட்டியை மீண்டும் வாங்காமல், கணினியின் தேவைக்குத் தக்க வாட் அளவும் நல்ல உத்தரவாதமும் கொண்ட ஒன்றை வாங்குவது அதன் விலைக்கு ஈடாகும்.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து எஸ்எம்பிஎஸ் ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் கடைகளில் உண்டு. சுமை எதுவும் இல்லாமல் விசிறி சுற்றுவதால், முற்றிலும் செத்த பெட்டியை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும்; விழிப்பில் தடுமாறும் பெட்டியைக் காட்டிக்கொடுக்காது.

கோடை மழைக்காலத்தில் சேர்வராயன் மலையில் இடி இறங்கும்போது மின்கம்பியோடு இணைய கேபிளையும் பிடுங்கி வைப்பது நல்லது. எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாமல், லேன் வழியாக நுழைந்து மதர்போர்டைப் பாதி கெடுத்துவிட்டுப் போன மின்னல்களும் உண்டு. அப்படிப்பட்ட பலகைகளில் விழிப்புக் கோளாறு ஒரு அறிகுறியாக முதலில் தோன்றும்.

ரேம்

விசிறி சுற்றி, டிராம் விளக்கு அணையாமல் நின்றால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிய பின், ரேம் தகடுகளைக் கழற்றுங்கள். மூடுபனி அறைக்குள் புகும் ஊரில் பொன்முலாம் பூசிய அந்தத் தொடுமுனைகளில் மங்கல் படலம் படிவது சாதாரணம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியால் துடைத்து உலர விடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கும் நம்மூர் வழக்கமும் பலன் தரும். ஆனால் மையழிக்கும் கடின ரப்பர் முலாமையே உரித்துவிடும், ரப்பர்த் துகள் சொருகுமிடத்தில் விழுந்தால் அதுவே புதிய கோளாறாகும். தறிக்கூடப் பகுதிகளில் ரேம் சொருகுமிடத்துக்குள் பஞ்சிழை புகுந்திருக்கும். ப்ளோயரால் ஊதும்போது விசிறிகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தகடுகள் இருந்தால் ஒன்றை மட்டும் சொருகி ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், பிறகு மற்றொன்றை. ஒரு தகட்டில் மட்டும் எழாவிட்டால் குற்றவாளி தெரிந்துவிட்டது.

பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்னும் வேகப்படுத்தும் அமைப்பு போடப்பட்டிருந்தால், அதை அணைத்துவிட்டு நான்கைந்து நாள் பாருங்கள். புதிய பூட்டின்போது பயாஸ் ரேமை நிதானமாகப் பழக்கி, அதற்கேற்ற அளவுகளைக் கண்டுபிடிக்கும். விழிப்பின்போது அந்த நிதானம் கிடையாது; முன்பு சேமித்த அளவுகளை அப்படியே போட்டு ஓட்டிவிடும். இரவில் அறை வெப்பம் எட்டுப் பத்து டிகிரி இறங்கிவிட்டால், விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த ரேம் அந்த அளவுகளுக்கு ஒத்துழைக்காது. பகல் முழுவதும் விளையாட்டும் வீடியோ எடிட்டிங்கும் தாங்கும் கணினி, காலையில் எழாமல் போவது பலரையும் குழப்புவது இதனால்தான்.

சிமாஸ் பேட்டரியும் பயாஸ் அமைப்புகளும்

கணினியின் கடிகாரம் பின்தங்குகிறது, அல்லது எழும்போது எஃப்1 அழுத்தச் சொல்கிறது என்றால், மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.8க்குக் கீழே இறங்கியதை வைத்திருக்க வேண்டாம். பழைய பேட்டரியை எடுத்து, மின்கம்பியும் பிடுங்கப்பட்ட நிலையில் ஐந்து நிமிடம் விட்டுப் புதியதைப் போட்டால், பயாஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பும். முன்பே அந்தத் திரைகளை அலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

பயாஸுக்குள் பார்க்க வேண்டியவை சில. ஈஆர்பி என்ற அமைப்பு ஸ்டாண்ட்பை மின்சாரத்தைக் குறைப்பதற்காக இருப்பது. சில பலகைகளில் அதைப் போட்டிருந்தால் கீபோர்டால் எழுப்ப முடியாமல் போகும். அதையும் ஃபாஸ்ட் பூட்டையும் தற்காலிகமாக அணைத்துச் சோதியுங்கள். உங்கள் மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் வெளியாகியிருந்து, அதன் குறிப்பில் ரேம் ஒத்திசைவோ விழிப்போ திருத்தப்பட்டதாகச் சொல்லியிருந்தால் ஏற்றலாம். நல்ல பேட்டரியுள்ள யுபிஎஸ் இல்லாமல், மழை மூட்டமான மாலையில் அந்த வேலையைத் தொடங்க வேண்டாம்; பயாஸ் எழுதும்போது மின்சாரம் போனால் இருக்கிற கோளாறைவிடப் பெரிய கோளாறு வந்து சேரும்.

வட்டு காணாமல் போனால்

எழும்போது பூட் டிவைஸ் இல்லை என்று வந்து, மின்சாரத்தை முழுவதும் வெட்டி மீண்டும் போட்டால் சரியாகிறது என்றால், எஸ்எஸ்டியோ ஹார்டு டிஸ்கோ ஆழ்ந்த தூக்கத்திலிருந்து வரவில்லை. வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுவதே முதல் சிகிச்சை. அதன் விலை மிகக் குறைவு, பலனோ பல வேளைகளில் முழுமை. எம்.2 வகை எஸ்எஸ்டியானால் கழற்றி மீண்டும் பொருத்தி, திருகு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு அமைப்பு என்று சென்று, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பதன் கீழ் இருக்கும் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய்யுங்கள். எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் கருவியைக் கொண்டு அதன் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதும் பயன் தரும். இதற்கெல்லாம் முன்பாக முக்கியக் கோப்புகளின் நகலை வேறொரு வட்டில் எடுத்துவிடுங்கள். ஒருமுறை காணாமல் போன வட்டு மறுமுறை திரும்பி வராமலும் இருக்கலாம்.

விண்டோஸின் பங்கு

லோகோவைக் கடந்த பின் நின்றால், ரேமில் இருப்பதை வட்டில் எழுதி வைக்கும் ஹைபர்னேட் கோப்பு பெரும்பாலும் சிதைந்திருக்கும். டெஸ்க்டாப்புகளில் ஹைப்ரிட் ஸ்லீப் என்ற ஏற்பாடு உண்டு. தூங்கும் முன் ரேமில் இருப்பதை வட்டிலும் ஒரு பிரதி எழுதி வைத்து, மின்சாரம் போய்விட்டால் அந்தப் பிரதியிலிருந்து எழுப்பும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் பாதிப் பிரதி மிஞ்சும், விண்டோஸ் அதில் சிக்கித் தவிக்கும்.

பூட் ஆகும்போது பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை இடையில் அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குச் செல்லும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்-அப் செட்டிங்ஸ் என்று சென்று, சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்து நுழையுங்கள். கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, இடைவெளி விட்டு சாய்கோடும் ஹெச் எழுத்தும், மீண்டும் இடைவெளி விட்டு ஆஃப் என்றும் எழுதி (powercfg /h off) என்டரை அழுத்துங்கள். ஹைபர்னேட் கோப்பு அழிந்துவிடும். அதில் இருந்த சேமிக்கப்படாத வேலை போகும், வட்டில் உள்ள கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் தீர்ந்த பிறகு அதே வரியில் ஆஃபுக்குப் பதில் ஆன் என்று எழுதி மீட்டுக்கொள்ளலாம். அதே கட்டளையில் சாய்கோட்டுக்குப் பின் ஏ எழுத்தை மட்டும் போட்டால், உங்கள் கணினி எந்தெந்தத் தூக்க நிலைகளை ஏற்கிறது என்ற பட்டியல் வரும்.

அடுத்ததாக ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்ற பகுதியில் கெர்னல்-பவர் பதிவுகளைப் பாருங்கள். 42 என்ற எண் கணினி தூங்கப் போனதைக் குறிக்கும். 107 விழித்ததைக் குறிக்கும். 41 ஒழுங்காக மூடப்படாமல் நின்றதைக் குறிக்கும். 41ஐக் கண்டவுடன் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அது விளைவைச் சொல்லும் பதிவு, காரணத்தைச் சொல்வதில்லை. 42க்குப் பின் 107 இல்லாமல் 41 வந்தால், விண்டோஸ் கண் திறக்கும் முன்பே எல்லாம் நின்றிருக்கலாம். மேலே சொன்ன மின்சாரம், ரேம், பயாஸ் பகுதிகளுக்குத் திரும்புங்கள். 107 வந்து அதன் பின் நின்றிருந்தால் ஏதோ ஒரு டிரைவர் தவறியிருக்கிறது. பதிவு வட்டில் எழுதப்படுவதற்குள் கணினி நின்றுவிட்டால் 107 விடுபடவும் கூடும் என்பதால், ஒரே ஒரு நிகழ்வை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மூன்று நான்கு காலைகளின் பதிவுகளை ஒப்பிடுங்கள். 41ஐத் திறந்து பார்த்தால் பக்செக் கோடு என்ற வரி இருக்கும். அதில் 0 இருந்தால் பெரும்பாலும் நீலத்திரை வரவில்லை. 159 இருந்தால், ஒரு டிரைவர் தூங்கும் அல்லது எழும் கட்டளையை நிறைவேற்றவில்லை. கிராபிக்ஸ், லேன், வைஃபை, சிப்செட் டிரைவர்களை, மதர்போர்டு அல்லது கார்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து எடுத்து ஏற்றுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் என்ற வசதியையும் சில நாட்கள் அணைத்து வையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன்களைப் பற்றிய பக்கத்தில் அது இருக்கும். பெயருக்கு ஷட் டவுன் என்றாலும் உள்ளே அது பாதி ஹைபர்னேட்தான். ஒரே வட்டில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருக்கும் பொறியியல் மாணவர்கள் அதை நிரந்தரமாகவே அணைத்துவிட வேண்டும். பாதித் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸின் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் சிதையும்.

எந்த நிலையில் தூங்க வைப்பது

நீண்ட மின்தடை வழக்கமான இடங்களில், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை இரவு முழுவதும் ஸ்லீப்பில் விடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மதிய உணவு வேளைக்கு ஸ்லீப், இரவுக்கு ஹைபர்னேட் என்று பிரித்துக்கொள்ளலாம். ஹைபர்னேட்டில் எல்லாம் வட்டில் இருப்பதால் மின்சாரம் போனாலும் எதுவும் போகாது. எஸ்எஸ்டி இருந்தால் எழவும் சில நொடிகளே ஆகும். ஸ்டார்ட் மெனுவில் ஹைபர்னேட் தெரியவில்லை என்றால், பவர் பட்டன்கள் பக்கத்தில் அதற்கான பெட்டியில் டிக் செய்தால் தோன்றும்.

திருத்தத்தைச் சோதிப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ், ரேம், டிரைவர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது யாருக்கும் தெரியாது. நல்ல பொருளைத் தூக்கி எறிந்த செலவும் சேரும். ஸ்லீப்பில் போட்டு இரண்டு நிமிடத்தில் எழுப்பும் சோதனையில் கெப்பாசிட்டரும் குளிராது, வட்டும் ஆழ்ந்து தூங்காது. குறைந்தது ஆறு மணி நேரம் தூங்க விட்டு, கோளாறு வழக்கமாக வந்த அதே நேரத்தில், அதே சாக்கெட்டில், அதே அறையில் எழுப்ப வேண்டும். பத்து நாள் தொடர்ந்து எழுந்தால் சரியாகிவிட்டது என்று கொள்ளலாம்.

இவ்வளவும் செய்து எழாத கணினியின் மதர்போர்டிலேயே பழுது இருக்கலாம்; அதைக் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மலையிலிருந்து இறக்குவதானால் கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி எடுத்துவாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அது ஆடி ஆடித் தன் சொருகுமிடத்தையே நெகிழ்த்துவிடும். முதலில் எழுதி வைத்த தாளையும் கேபினட்டின் மேல் ஒட்டிக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு எழவில்லை, அறை எவ்வளவு குளிராக இருந்தது, விசிறி என்ன செய்தது, எந்த விளக்கு நின்றது, பொத்தானை அழுத்தியபோது ஊதாக் கம்பி எத்தனை வோல்ட் காட்டியது, எவற்றை மாற்றிப் பார்த்தீர்கள். பழுது பார்ப்பவரின் மேசையில் அது எழுந்துவிட்டாலும், அந்தத் தாளைப் படித்தால் விண்டோஸை அழிக்காமல் எங்கே தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.